தீபாவளிக்கு முன் கட்டினால் 3,000 தள்ளுபடியாம், அடுத்த மே மாத காஷ்மீர் டூருக்கு!

வைகைக்கரையான்:
நேத்து வேறொரு இழையில பயணப்பித்தன் எழுதினதைப் படிச்சதுலேருந்து எரிச்சல் அடங்கல. அவர் எழுதினது இது: "காலம் சரியில்லாதப்பதான் சீக்கிரம் பணம் கட்டணும். வர்ற மே மாச காஷ்மீர் குரூப் டூருக்கு தலைக்கு 25,000 முன்பணம் கட்டிட்டேன். தீபாவளிக்கு முன்னாடி கட்டினதால 3,000 தள்ளுபடி. ரயில் டிக்கெட்டுலேருந்து படகுவீடு வரைக்கும் எல்லாம் உறுதியாயிடுச்சு."

ரயில் டிக்கெட் எப்படிங்க உறுதியாச்சு? 2024 நவம்பர் 1-லேருந்து ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. முன்ன 120 நாள் இருந்துச்சு, குறைச்சுட்டாங்க. மே மாசம் கிளம்புற வண்டிக்கு மார்ச்லதான் டிக்கெட்டே எடுக்க முடியும். இப்ப நடக்கிறது 2025 அக்டோபர். இல்லாத டிக்கெட்டுக்குக் கட்டின பணம் மார்ச் வரைக்கும் யார் பையில இருக்கும்? இதை நம்பி நாலு குடும்பம் பணத்தைக் கட்டிரக் கூடாதுன்னுதான் தனி இழை போடுறேன்.

பயணப்பித்தன்:
என் பெயரைப் போட்டு இழை தொடங்கியதற்கு நன்றி. "உறுதி" என்று நான் சொன்னது டூர் நடத்துபவர் தந்த வாக்கை. நாற்பது பேரை அழைத்துப் போகிறவருக்கு டிக்கெட் எடுக்கத் தெரியாதா? மேயில் பள்ளி விடுமுறை. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காலியாகக் கிடந்த அறைகளுக்கு இப்போது குறைந்த விலை பேச முடிகிறது. ஏப்ரலில் போய்க் கேட்டுப் பாருங்கள், அதே அறை எந்த விலைக்கு வருகிறது என்று தெரியும்.

வைகைக்கரையான்:
நான் அறையைப் பத்திக் கேக்கல. ரயில் டிக்கெட்டைப் பத்திக் கேட்டேன். 60 நாள். அதுக்குப் பதில் சொல்லுங்க.

சேலத்துச் செல்வி:
வைகை சார் கேக்கறது சரிங்க. நாங்க இந்த வருஷம் மே நடுவுல போறதா இருந்தோம். அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிச்ச கையோட கூட்டிட்டுப் போகலாம்னு முந்தின வருஷமே பணம் கட்டினோம். ஏப்ரல் 22 பஹல்காம்ல 26 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. கொஞ்ச நாள்ல காஷ்மீர்ல இருக்கற 87 சுற்றுலா இடத்துல 48-ஐ மூடிட்டாங்க. மே 7-ல பாகிஸ்தானோட சண்டை மூண்டதுக்கு அப்புறம் ஸ்ரீநகர் உட்பட வடக்கே 32 விமான நிலையம் மூடினாங்க. 12-ம் தேதி திறந்தாங்க, ஆனா வயசானவங்களைக் கூட்டிட்டு யாருங்க போவாங்க?

டூர்க்காரர் ஒரு பைசா திருப்பித் தரலைங்க. "ஒரு வருஷத்துக்குள்ள எந்த டூருக்கும் கழிச்சுக்கலாம்"னு ஒரு சீட்டு கொடுத்தார். விமானக் கம்பெனிங்க ரத்துக் கட்டணம் வேண்டாம்னு அறிவிச்சாங்களேன்னு கேட்டா, "அது ஏப்ரல் கடைசி வரைக்கும் போறவங்களுக்கு, உங்களோடது மே"ன்னார். அப்ப எங்க டிக்கெட்டுக்கு என்ன திரும்பி வந்துச்சுன்னு ரசீதைக் காட்டச் சொன்னேன். அதுலேருந்து போனை எடுக்கறதில்லைங்க.

மலைக்கோட்டை மணி:
வணக்கம். நான் திருச்சியில சின்ன அளவுல டூர் நடத்துறேன். எங்க தொழிலையே திருட்டுத் தொழில் மாதிரிப் பேசறதால எழுதுறேன். அம்மா, உங்களுக்கு நடந்தது தப்பு, நான் நியாயப்படுத்தல. ஆனா முன்பணம் வாங்காம எவராலயும் குரூப் டூர் நடத்த முடியாது. பத்துப் பேருக்கு மேல போனா விமானத்துல குரூப் ஃபேர்னு தனியாக் கேட்டு வாங்கணும், அதுக்கு முன்பணம் கட்டணும். படகுவீட்டுக்காரங்க, பஹல்காம் லாட்ஜ், ரெண்டு டெம்போ டிராவலர், எல்லாருக்கும் கட்டணும். வைகை சார் ரயிலையே பிடிச்சுத் தொங்குறார். முழுப் பெட்டியையே எடுக்கிற வசதி ஐஆர்சிடிசியில இருக்கு. அதுக்கு 60 நாள் கணக்கு கிடையாது, ஆறு மாசம் முன்னாடியே பதியலாம்.

பயணப்பித்தன்:
மிக்க நன்றி மணி சார். தொழில் தெரிந்தவர் சொல்லிவிட்டார். வைகைக்கரையார் இப்போது என்ன சொல்லப்போகிறார்?

வைகைக்கரையான்:
சொல்றேன். மே மாசத்துலேருந்து ஆறு மாசம் பின்னாடி எண்ணுங்க. நவம்பர் வரும். உங்ககிட்ட பணம் வாங்கினது தீபாவளிக்கு முன்னாடி, அக்டோபர்ல. அப்ப முழுப் பெட்டியும் எடுக்கல. இன்னொண்ணு, முழுப் பெட்டின்னா எழுபது பேர் கணக்குல காசு கட்டணும். நாற்பது பேர் டூருக்கு யார் முழுப் பெட்டி எடுப்பா? மணி அண்ணே, நீங்க எடுத்திருக்கீங்களா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

மலைக்கோட்டை மணி:
வசதி இருக்குன்னுதான் சொன்னேன்.

வைகைக்கரையான்:
ஒரே வார்த்தை கேட்டேன்.

வக்கீல் குமாஸ்தா:
எல்லாரும் முன்பணம், முன்பதிவு, முழுக்கட்டணம் மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறீங்க. எந்தப் பணம் எதுக்காக வாங்கினதுன்னு முதல்ல பிரிங்க. ஒப்பந்தச் சட்டம் 56-வது பிரிவு, நடத்தவே முடியாமப் போன ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது. 65-வது பிரிவு, அப்படிச் செல்லாமப் போனா வாங்கின பலனைத் திருப்பித் தரணும்னு சொல்லுது. கொரோனா ஊரடங்குல ரத்தான விமான டிக்கெட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ல தீர்ப்பு சொல்லும்போது, ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டாயிருந்தா விமானக் கம்பெனி தர்ற பணத்தை ஏஜென்ட் உடனே பயணிக்குக் கொடுக்கணும்னு சொல்லியிருக்கு. செல்வி அம்மா 1915-க்குப் போன் போடுங்க, நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு.

வைகைக்கரையான்:
அதெல்லாம் டூர் ரத்தான பிறகு ஓடுற ஓட்டம். நான் கேக்கறது ரத்தாகறதுக்கு முன்னாடி. அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும் அந்தப் பணம் எங்க?

பயணப்பித்தன்:
60 நாள், 60 நாள் என்று ஒரே பாட்டு. சரி, இவர் கணிப்பு எவ்வளவு சரியாக இருக்கும் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். 2024 மே 7-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தபோது "ரெண்டே மாசத்துல எடுத்துருவாங்க பாருங்க" என்று இதே இடத்தில் எழுதியவர் இவர்தான். இ-பாஸ் இன்றும் இருக்கிறது. இந்த ஏப்ரலிலிருந்து வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வைத்துவிட்டார்கள்.

வைகைக்கரையான்:
இ-பாஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லாதவர்தான் பழசைக் கிளறுவார். கொடைக்கானல் எங்க வீட்டுக் கொல்லை மாதிரி, அங்க இருக்கற கடைக்காரங்க பட்ட கஷ்டத்தைப் பாத்து எழுதினேன். அதை இங்க இழுக்காதீங்க.

தயிர்சாதம்:
இடையில ஒரு சந்தேகம். இந்த டூர்ல சமையல்காரர் கூட வர்றாரா? எங்க அம்மாவுக்கு ரெண்டு வேளை ரசம் இல்லன்னா முடியாது.

பயணப்பித்தன்:
வருகிறார். கும்பகோணத்துச் சமையல் குழு. காலையில் இட்லி, பொங்கல், இரவில் தயிர்சாதம் உண்டு. இதற்காகவும்தான் முன்கூட்டியே கட்டினேன். நல்ல சமையல்காரர் மே மாதத்தில் கல்யாண வேலைக்குப் போய்விடுவார்.

சேலத்துச் செல்வி:
காஷ்மீருக்குப் போய் பொங்கல் சாப்பிடறதுக்கா 25,000? படகுவீட்டுல சமைக்கறது அந்த வீட்டுக் குடும்பம்ங்க. அவங்க செய்யற ராஜ்மாவும் சோறும் எவ்வளவு நல்லா இருக்கும்!

தயிர்சாதம்:
உங்களுக்கு ராஜ்மா பிடிக்கும்னா சாப்பிடுங்க. எழுபது வயசு வயித்துக்கு என்ன ஒத்துக்கும்னு அவங்க பிள்ளைக்குத் தெரியும். வெளியூர்ப் பயணத்துல வயிறு கெட்டா டூரே போச்சு.

மலைக்கோட்டை மணி:
தயிர்சாதம் சார் சொல்றது நூத்துக்கு நூறு. எங்க டூருக்கு வர்றவங்க முதல் கேள்வியே சாப்பாடுதான். குல்மார்க் 2,600 மீட்டருக்கு மேல, அங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும், ஆனா அரிசி வேகாது. குக்கர் இல்லாம முடியாது. இதெல்லாம் தெரிஞ்ச சமையல் ஆளை ஆறு மாசம் முன்னாடி சொல்லி வைக்கணும். அட்வான்ஸ் கொடுக்காம எவர் வருவார்?

வைகைக்கரையான்:
சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தா சமையல்காரர் அட்வான்ஸ்னு ரசீது போடுங்க. ரயில் டிக்கெட்னு சொல்லாதீங்க.

இன்னும் கேளுங்க. நோட்டீஸ்ல போட்டிருக்கற வழி: சென்னையிலேருந்து கத்ரா வரைக்கும் அந்தமான் எக்ஸ்பிரஸ், அங்கேருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத், திரும்பி வர விமானம். செனாப் பாலத்து மேல போறதை யார் வேண்டாம்பா? 359 மீட்டர் உயரம், ஜூன்லதான் திறந்தாங்க, எனக்கும் ஆசை இருக்கு. ஆனா ஆகஸ்ட் 26 அதே கத்ரா பக்கம் வைஷ்ணோதேவி கோவில் மலைப்பாதையில நிலச்சரிவு வந்து முப்பதுக்கும் மேல செத்தாங்க. ஜம்மு பக்கம் ரயில்களை வரிசையா ரத்து பண்ணினாங்க. கோவிலுக்குப் போற வழியையே செப்டம்பர் 17-லதான் மறுபடி திறந்தாங்க. அமர்நாத் யாத்திரை மழையால ஒரு வாரம் முன்னாடியே ஆகஸ்ட் 3-ல நின்னு போச்சு. ஒரே வருஷத்துல இத்தனை. இந்த நிலைமையில ரயிலை நம்பி ஏழு மாசம் முன்னாடி பணம் வாங்கறவர், ரயில் ஓடலன்னா என்ன பண்ணுவார்னு நோட்டீஸ்ல ஒரு வரி எழுதியிருக்காரா? எழுதியிருக்கார். "இயற்கைச் சீற்றம், போர், அரசு உத்தரவு காரணமாக ரத்தானால் பணம் திரும்பத் தரப்படாது." அந்த வரியைப் பயணப்பித்தன் படிச்சாரா?

பயணப்பித்தன்:
படித்தேன். எல்லா டூர் நோட்டீசிலும் அந்த வரி உண்டு. அதைப் பார்த்துப் பயந்தால் வாழ்க்கை முழுவதும் மதுரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நீங்கள் சொன்ன அத்தனை சம்பவமும் என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. காலம் சரியில்லை என்பதால்தான் பொறுப்பெடுத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்கிறேன். 2019 ஆகஸ்டில் சுற்றுலாப் பயணிகளைக் காஷ்மீரை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். அந்த மாதிரி நேரத்தில் தனியாகப் போனவன் பேருந்து நிலையத்தில் நிற்பான், குரூப்பில் போனவனுக்கு வண்டியோடு ஆள் இருக்கும்.

சேலத்துச் செல்வி:
ஆள் கூட இருக்கறது டூர் நடக்கும்போதுங்க. டூர் நடக்காமப் போனா ஆளே இல்லைங்க, அதைத்தானே நான் பட்டேன்.

வக்கீல் குமாஸ்தா:
இங்கிலாந்துல டூர்ப் பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்கு, அட்டோல்னு பேரு. 2019 செப்டம்பர்ல அங்க தாமஸ் குக் கம்பெனி மூழ்கினப்ப வெளிநாட்டுல மாட்டியிருந்த ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை அரசே விமானம் ஏற்பாடு பண்ணித் திருப்பிக் கூட்டிட்டு வந்தது. நம்ம ஊர்ல டூர்க்காரர் வாங்கற முன்பணத்துக்கு அப்படி ஒரு காப்பு இல்ல. 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்னப்ப டிக்கெட் எடுத்தவங்க பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நான் மறுபடி சொல்றேன், முன்பணம் வேற, முழுக்கட்டணம் வேற...

தயிர்சாதம்:
தாமஸ் குக் மூடிட்டாங்களா? எங்க தெருமுனையில ஆபீஸ் இருக்கே!

வக்கீல் குமாஸ்தா:
இந்தியாவுல இருக்கறது தனிக் கம்பெனி. அதுக்கும் இங்கிலாந்துக் கம்பெனிக்கும் 2019-ல சம்பந்தம் இல்ல.

மலைக்கோட்டை மணி:
பெரிய கம்பெனியே மூழ்கினதைச் சொல்லி சின்ன ஆளுங்களைப் பயமுறுத்தாதீங்க. கொரோனா நேரத்துல நான் வீட்டு நகையை வெச்சு ஜனங்க பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வடக்க ஓட்டல்காரர் எனக்குத் தரல, ஆனா நான் கொடுத்தேன். அதை எந்த இழையிலயும் யாரும் எழுதல.

வைகைக்கரையான்:
மணி அண்ணே, நீங்க கொடுத்திருப்பீங்க, நம்புறேன். உங்களை யாரும் குத்தம் சொல்லல. ஆனா நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

இன்னொரு விஷயம் இவங்க யாருமே பேசல. அடுத்த வருஷம் ஏப்ரல், மேயில சட்டமன்றத் தேர்தல். தேதி யாருக்கும் தெரியாது. டூருக்குப் போறவங்கள்ல பாதிப் பேர் வாத்தியார்கள். தேர்தல் பணி வந்துட்டா எங்க போவாங்க? "அரசு உத்தரவு, பணம் திரும்பாது"ன்னு அந்த வரியைக் காட்டுவார் டூர்க்காரர்.

பயணப்பித்தன்:
தேர்தலுக்கும் காஷ்மீருக்கும் முடிச்சுப் போடுகிறார். என் மனைவி ஆசிரியர்தான். தேர்தல் முடிந்து போகும்படி மே கடைசி வாரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

வைகைக்கரையான்:
மே கடைசி வாரம்னா இன்னும் தள்ளிப் போச்சு! அப்ப ரயில் டிக்கெட் மார்ச் கடைசியிலதான் திறக்கும்.

தயிர்சாதம்:
மே கடைசியில அங்க குளிருமா? அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்கணுமா?

மலைக்கோட்டை மணி:
குல்மார்க்ல காலையில குளிரும் சார். ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா போதும்.

சேலத்துச் செல்வி:
பயணப்பித்தன் சார்கிட்ட ஒண்ணு கேக்கறேன். 25,000-க்கு ரசீது கொடுத்தாங்களா? அதுல என்ன எழுதியிருக்கு? எங்களுக்கு வெறும் "டூர் முன்பணம்"னுதான் எழுதிக் கொடுத்தாங்க. ரயிலுக்கு எவ்வளவு, விமானத்துக்கு எவ்வளவு, தங்க எவ்வளவுன்னு பிரிச்சு வாங்கியிருந்தா நான் இன்னிக்கு விமானப் பங்கையாவது கேட்டிருப்பேன்.

பயணப்பித்தன்:
ரசீது இருக்கிறது. தனிப்பட்ட கணக்கை இங்கே போட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மீதிப் பணத்தையும் தைக்குள் கட்டிவிடலாம் என்றிருக்கிறேன், அதற்கும் தள்ளுபடி உண்டு.

வைகைக்கரையான்:
மீதியையுமா? தையிலயா? பயணப்பித்தன், உங்க மேல எனக்குக் கோபம் இருக்கட்டும். தயவுசெஞ்சு பி.என்.ஆர். நம்பர் கைக்கு வர்ற வரைக்கும் அந்த மீதியைக் கட்டாதீங்க.

பயணப்பித்தன்:
என் பணம், என் டூர். ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்ததும் படம் போடுகிறேன். அதுவரை உங்கள் இ-பாஸ் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

வைகைக்கரையான்:
மறுபடியும் இ-பாஸா?