புதுப்பிப்பு: சுப்பன் – வெபர் டிரேடில் லாபம் யாருக்கு?

2016 ஜூன் 29 அன்று என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணியான மான்ட்ரியால், தன் தடுப்பாட்டக்காரர் பி.கே. சுப்பனைக் கொடுத்து இன்னொரு அணியான நாஷ்வில்லிடமிருந்து அதே இடத்தில் ஆடும் ஷே வெபரை வாங்கியதே, அதில் ஜெயித்தது யார் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோல், அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்) கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள், அது முடிவுக்கு வரவில்லை. இருவரும் கிளம்பும்போது அணிக்கு என்ன மிஞ்சியது என்று பாருங்கள் என்றாரே ஒருவர், அந்த யோசனைதான் கைகொடுத்தது.

சுப்பன் வந்த முதல் சீசனிலேயே, 2017இல், நாஷ்வில் ஸ்டான்லி கோப்பை (லீக்கின் சாம்பியன் கோப்பை) இறுதிப் போட்டிக்குப் போய் பிட்ஸ்பர்கிடம் தோற்றது. 2019இல் அவரை நியூ ஜெர்சிக்கு அனுப்பியபோது கிடைத்தது இரண்டு சாதாரண தடுப்பாட்டக்காரர்களும், டிராஃப்டில் (புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டும்தான். ஒரு அணி வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் செலவிடலாம் என்ற சம்பள வரம்புக் கணக்கிலிருந்து அவருடைய ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் இறங்கியதுதான் உண்மையான வரவு. வயதில் மூத்த வெபரோ மான்ட்ரியாலின் கேப்டனாகி 2021 ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டிவரை அணியை இழுத்துக்கொண்டு போனார், அப்புறம் காயங்களால் ஆடவே இல்லை. ஆடாத அவருடைய ஒப்பந்தத்தைக் கொடுத்தே 2022இல் வேகஸ் அணியிடமிருந்து எவ்கெனி தாதோனவ் என்ற முன்கள வீரரை வாங்கிவிட்டார்கள். என் தீர்ப்பு: மான்ட்ரியால், சிறு வித்தியாசத்தில்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. வெபருடைய நீண்ட ஒப்பந்தத்தின் முதல் 4 சீசன்களில், சம்பள வரம்பில் கணக்கான சராசரித் தொகையைவிட அதிகமாக, ஆண்டுக்கு 1.4 கோடி டாலர் கொடுத்தது நாஷ்வில் என்பதால், ஒப்பந்தம் முடியும் முன் அவர் முறைப்படி ஓய்வு அறிவித்திருந்தால் சம்பள வரம்பு அபராதத்தின் பெரும்பங்கு, அவரை எப்போதோ விற்றுவிட்ட நாஷ்வில் தலையில்தான் விழுந்திருக்கும்.