மலிவு விலை டிரெயில் கேமரா: இரவுப் படங்கள் வெளுத்துவிடுகின்றன, விலங்கு பாதி நேரம் பதிவாவதில்லை. உதவி தேவை

மரவள்ளித்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். அந்தியூர் பக்கம், பர்கூர் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறோம். இரவில் ஏதோ ஒரு விலங்கு வந்து கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகிறது. காட்டுப்பன்றிதான் என்று பக்கத்துத் தோட்டத்தார் உறுதியாகச் சொல்கிறார்கள். குழிகளைப் பார்த்தால் முள்ளம்பன்றியாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். எந்த விலங்கு என்று தெரியாமல் வேலிக்குப் பணத்தைக் கொட்ட மனம் வரவில்லை. ஆகவே ஐயாயிரம் ரூபாய்க்குள் விலங்கு வந்தால் தானாகப் படமெடுக்கும் டிரெயில் கேமரா ஒன்றை வாங்கி, வேலியோரத் தென்னையில் நெஞ்சு உயரத்தில், மேற்கே வயலைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறேன்.

பகலில், குறிப்பாக மாலை நேரத்தில், ஒன்றுமே இல்லாத படங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகின்றன. இரவுப் படங்களில் முன்னால் இருக்கும் இலைகள் வெள்ளைவெளேரென்று தெரிய, பின்னால் எல்லாம் கருப்பாகிவிடுகிறது. கேமராவுக்கு நேர் எதிரே புதிதாகக் குழி தோண்டப்பட்டிருந்த இரவுகளிலும் விலங்கின் படம் இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் ஏதோ ஒன்றின் பின்புறம் மங்கலாகத் தெரிகிறது. சில நாள் காலையில் பார்த்தால், தேதி கடையிலிருந்து வந்தபோது இருந்த பழைய தேதிக்கே திரும்பியிருக்கிறது. ஆனால் பேட்டரி அளவு மூன்று கட்டம் காட்டுகிறது. பெட்டியில் 48 மெகாபிக்சல், 25 மீட்டர் தூரம், 0.2 விநாடி வேகம் என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். கேமராவே பழுதா, திருப்பி அனுப்பிவிடலாமா, அல்லது வைக்கும் முறையில் மாற்றம் தேவையா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

புள்ளிமான்:

அண்ணா, திருப்பி அனுப்புவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வதில் உணரி (சென்சார்), வெளிச்சம், மின்சாரம் ஆகிய மூன்றும் கலந்து கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகச் சோதித்தால்தான் எது கேமராவின் குறை, எது இடத்தின் குறை என்று பிரிக்க முடியும்.

முதலில் உணரி. இந்தக் கேமராக்கள் அசைவைப் பார்த்துப் படம் எடுப்பதில்லை. பின்னணிக்கும் விலங்கின் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு இடம் மாறுவதைத்தான் அவை உணர்கின்றன. உணரிக்கு முன்னால் இருக்கும் புடைத்த பிளாஸ்டிக் வில்லை, எதிரே உள்ள பரப்பைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. விலங்கு ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் குறுக்கே கடந்தால் உடனே தெரிந்துவிடும். நேராகக் கேமராவை நோக்கி வந்தால் மிகவும் தாமதமாகவே தெரியும். தடத்துக்கு நேரே அல்லாமல், குறுக்கே கடப்பது தெரியும்படி கேமராவைத் திருப்புங்கள்.

மேற்கே பார்த்து வைத்திருப்பதும் தென்னையில் கட்டியிருப்பதும்தான் வெற்றுப் படங்களுக்குக் காரணமாக இருக்க வேண்டும். தென்னை காற்றில் ஆடும்போது கேமராவும் சேர்ந்து ஆடுகிறது; மாலை வெயிலில் சூடேறிய இலையும் மண்ணும் உணரியின் முன் அசைவதுபோல் ஆகிவிடுகிறது. பனைமரமோ கல்லுக்காலோ இருந்தால் அதற்கு மாற்றி, வடக்கே பார்க்கும்படி கட்டுங்கள். நம் ஊரில் கோடையில் உச்சிச் சூரியன் சற்றே வடக்கே போகும் என்றாலும், கிழக்கு மேற்கின் சாய்வெயில் அளவுக்கு அது தொல்லை தராது. உயரம் நெஞ்சளவு வேண்டாம், முழங்காலளவு போதும். புலிகளைக் கணக்கெடுக்கவே ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் கேமரா வைக்கிறார்கள். முள்ளம்பன்றி உயரம் குறைந்த விலங்கு என்பதால் நெஞ்சளவில் வைத்த கேமராவின் பார்வைக்குக் கீழேயே அது நடந்து போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னிரவில் மண்ணும் கல்லும் பகல் சூட்டை இன்னும் விட்டிருக்காது. அப்போது பன்றியின் முரட்டு முடியின் மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையே வெப்ப வேறுபாடு மிகக் குறைவு. அதிகாலை மூன்று மணிக்குப் பத்து மீட்டரில் பிடிக்கும் அதே கேமரா, இரவு எட்டு மணிக்கு ஐந்து மீட்டரில்கூடக் கோட்டை விடலாம். பெட்டியில் போட்டிருக்கும் 25 மீட்டரை மறந்துவிட்டு, தடத்திலிருந்து நான்கைந்து மீட்டருக்குள் வையுங்கள்.

கம்பிவேலி:

மின்சாரப் பக்கத்தை நான் சொல்கிறேன். தேதி பழையபடி திரும்புகிறது என்றால், கேமரா இரவில் அணைந்து மீண்டும் உயிர்பெறுகிறது என்றே பொருள். பகலில் படமெடுக்கச் சிறிதளவு மின்சாரம் போதும். இரவில் அகச்சிவப்பு எல்.இ.டி.கள் எரியும்போதோ ஒரே நொடியில் பெரிய மின்னோட்டம் இழுக்கப்படுகிறது. பாதி தீர்ந்த பேட்டரியின் உள்தடை கூடியிருப்பதால், அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து கேமரா நின்றுவிடுகிறது. சுமை இல்லாத நேரத்தில் அளந்து காட்டும் கட்டத்தை நம்பிப் பயனில்லை. எட்டு பென்சில் பேட்டரிக்கு இடம் வைத்திருக்கும் மலிவுக் கேமராக்கள் பலவற்றில், நான்கு நான்காக இரண்டு வரிசைகளை இணையாகச் சேர்த்து 6 வோல்ட்தான் எடுக்கிறார்கள். வரிசையில் ஒன்று சோர்ந்தாலும் மற்றவற்றை அது கீழே இழுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே வகையில், ஒரே நேரத்தில் வாங்கிப் போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால், சில கேமராக்கள் அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளும். லித்தியம் பென்சில் பேட்டரி விலை கூடுதல். ஆனால் கடைசி வரை அழுத்தம் குறையாமல் நிற்கும்.

எல்.இ.டி. எரிகிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. கேமராவை இருட்டறையில் வைத்து, அதன் முன் நடந்துகொண்டே கைபேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள். டிவி ரிமோட்டைச் சோதிப்பதும் இப்படித்தான். ஒளி 850 நானோமீட்டர் அலைநீள வகையாக இருந்தால் வெறுங்கண்ணுக்கே மங்கிய சிவப்பு தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, ஒளி எட்டும் தூரமும் குறைவு. வரிசையில் பாதி எரியவில்லை என்றால் மட்டும் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

முன் இலைகள் வெளுப்பது பழுது அன்று. அருகில் இருக்கும் இலையில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு ஏற்பக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதால் பின்னணி கருத்துவிடுகிறது. கேமராவுக்கு முன்னால் இரண்டு மீட்டருக்குப் புல்லையும் செடியையும் அகற்றிவிடுங்கள். சிலந்தி நூல் ஒன்று குறுக்கே இருந்தாலே இரவில் வெள்ளைக் கோடாக விழும். மழைக்காக முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ வைத்துவிடாதீர்கள். விலங்கின் உடல் வெப்பம் அதைத் தாண்டி உணரிக்கு வராது.

இரவுக்காவல்:

நானும் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். பன்றி எந்த நேரத்தில் வருகிறது என்று கேமராவில் தெரிந்துகொண்டால், ஆள் வைத்துச் சுட்டுவிடலாம் அல்லவா?

புள்ளிமான்:

தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாமாக வேட்டையாடுவது குற்றம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கு மட்டுமே தரப்பட்டிருக்கிறது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் எதற்கும் அனுமதி இல்லை. இந்தக் கேமராக்களுக்குப் பெரிய சந்தை அமெரிக்க மான் வேட்டைக்காரர்களால்தான் உருவானது. அந்த நாட்டிலேயே, அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்துவிட்டது. தீனிக்குள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் வெடியும் திருட்டு மின்வேலியும் எத்தனை யானைகளைக் கொன்றிருக்கின்றன என்று அடிவாரத்தில் இருக்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேமராவையும் உங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டுமே வையுங்கள். வேலி தாண்டிக் காப்புக்காட்டில் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

மரவள்ளி அண்ணா, வயலில் கட்டும் முன் வீட்டுக் களத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கேமராவிலிருந்து ஐந்து மீட்டரில் குறுக்காக ஒரு கோடு போட்டு, மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் குறி வையுங்கள். இயல்பான நடையில் நாம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கடப்போம். எந்தக் குறியில் நீங்கள் படத்தில் விழுகிறீர்கள் என்று பார்த்தால், கேமரா விழித்துக்கொள்ள எடுக்கும் உண்மையான நேரம் தெரிந்துவிடும். பகலிலும், இருட்டிய உடனேயும், விடியலுக்கு முன்பும் நடந்து பாருங்கள். 48 மெகாபிக்சல் என்பது படம் பிடிக்கும் சிறிய உணரி தரும் படத்தை ஊதிப் பெரிதாக்கிய கணக்கு. குறைந்த அளவில் வைத்தால் விவரம் எதுவும் போகாது, கேமராவும் அடுத்த படத்துக்குச் சீக்கிரம் தயாராகும்.

மரவள்ளித்தோட்டம்:

சொன்னபடியே செய்து பார்த்தேன், இருவருக்கும் மிக்க நன்றி. எல்.இ.டி.கள் எல்லாம் எரிகின்றன. களத்துச் சோதனையில் பகலிலும் விடியலிலும் ஒரு விநாடிக்குள் படம் விழுகிறது. இருட்டிய உடனே நடந்தால் சில சமயம் விழுவதே இல்லை. பேட்டரிகளைப் புதிதாக மாற்றிய பிறகு தேதி மாறவில்லை. இப்போது கேமரா இட்டேரியோரக் (இரு வேலிகளுக்கு நடுவே போகும் பாதையோரக்) கல்லுக்காலில், முழங்கால் உயரத்தில், வரப்புக்குக் குறுக்காக இருக்கிறது.

படத்தில் வந்தது முள்ளம்பன்றி. கிளுவை வேலிக்கு அடியில் மண் அரித்த இடைவெளி வழியாக நுழைந்து, முட்களைப் பின்னால் சாய்த்தபடி, நேரே மரவள்ளிக்குப் போகிறது. காட்டுப்பன்றிகள் ஒரு கூட்டமாக இட்டேரியில் நடந்து போவதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை தோட்டத்துக்குள் நுழைந்ததாக ஒரு படமும் இல்லை. சோளம் பால் பிடிக்கும்போது அவையும் உள்ளே வரக்கூடும் என்ற கவலை இருக்கிறது. இந்தப் படங்களை வனத்துறைக்குக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்களா?

கம்பிவேலி:

முள்ளம்பன்றிக்கு உயரமான வேலி தேவையில்லை, அடிப்பக்கம்தான் முக்கியம். அந்த இடைவெளியில் கம்பிவலையை ஓரடி ஆழத்துக்குப் புதைத்து, மேலே கல் அடுக்கிவிடுங்கள்; மேலே மட்டும் அடைத்தால் தோண்டிக்கொண்டு வந்துவிடும். அடைத்த பிறகும் கேமராவை அங்கேயே விட்டுவையுங்கள், வேறு எந்த இடத்தில் வழி தேடுகிறது என்று தெரியும்.

சோளத்தில் பன்றிச் சேதம் ஏற்பட்டால், இழப்பீடு கேட்டு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போது படத்தோடு சேதமான பயிரையும் நேரில் காட்டுங்கள். பன்றி மூக்கால் உழுதுபோட்ட மண்ணும் முறித்த தட்டும் படத்தைவிட அதிகம் பேசும். ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். மூலப் படங்களை அழிக்காமல் கார்டோடு எடுத்து வையுங்கள்.

புள்ளிமான்:

மெமரி கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம் அண்ணா. மலிவுக் கேமராக்கள் பலவும் அதைவிடப் பெரிய கார்டைப் படிப்பதில்லை. கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். மழைக்காலத்துக்கு முன் பேட்டரி அறையைத் திறந்து எறும்பு குடியேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.