ஈரக்காற்று மிகுந்த இடத்தில் பழைய ஏ.சி.: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் உள்ள ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவதும் அதே கருவிதான். ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் இடம் இது. சென்ற ஓராண்டில் இருமுறை கேஸ் நிரப்பியும் மீண்டும் குளிர்ச்சி குறைந்து, உள்ளே இருக்கும் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) பனி கட்டுகிறது. அறை ஓரளவு குளிர்ந்தாலும் உடம்பு பிசுபிசுக்கிறது, அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சையும் பிடித்துவிட்டது. என் தாயாருக்கு மூச்சிரைப்பு இருப்பதால் இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. ஒரு மெக்கானிக் மறுபடியும் கேஸ் நிரப்பினால் போதும் என்கிறார். இன்னொருவர் இதைக் கழற்றிவிட்டு 2 டன் கருவி பொருத்தச் சொல்கிறார். கருவியின் தகட்டில் கேஸ் வகை ஆர்-22 என்று உள்ளது. எதைச் செய்வது?

மறுமொழி 1

வணக்கம். நான் இத்தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன். கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதன்று. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓராண்டில் இருமுறை குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கசிவைத் தேடாமல் மூன்றாம் முறையும் நிரப்புவதை நான் பழுதுபார்ப்பாகவே கருதமாட்டேன்.

முதலில் ஃபில்டரையும் உள்விசிறி உருளையையும் கழுவிப் பாருங்கள், ஏனெனில் காற்றோட்டம் அடைபட்டாலும் காயிலில் பனி கட்டும். அதன் பிறகும் பனி கட்டினால், குழாய்கள் இணையும் நட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கசிந்தால் சரிசெய்துவிடலாம். அங்கே இல்லையென்றால் நைட்ரஜனை அழுத்தி நிரப்பிக் காயிலைச் சோதிக்க வேண்டும். பிளைவுட், வார்னிஷ், துப்புரவுத் திரவங்கள் போன்றவற்றிலிருந்து வரும் ஃபார்மிக், அசெட்டிக் அமிலங்களின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து செப்புக் குழாயின் சுவரை எறும்புப் புற்றுபோல் உள்ளுக்குள் துளைத்துவிடும். அத்தகைய காயிலில் ஒரு துளையை அடைத்தால் சில மாதங்களில் அடுத்த துளை திறந்துகொள்ளும்.

ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால், 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகெங்கும் படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. அதற்குப் பதிலாக ஆர்-410ஏ என்னும் வேறு வகைக் கேஸை இதே கருவியில் நிரப்பவும் முடியாது, ஏனெனில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகம், அதற்குரிய எண்ணெயும் வேறு. எனவே கசிவு நட்டில் என்றால் பழுது பாருங்கள், காயிலில் என்றால் மாற்றுங்கள். வெளி அலகை மட்டும் மாற்றிப் பழைய காயிலோடு இணைக்க யாராவது முன்வந்தால் ஏற்காதீர்கள்.

மறுமொழி 2

மேலே உள்ளவரின் கருத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். 2 டன் என்ற யோசனையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் படுக்கையறைக்கு அதே தவற்றை நான் செய்தேன். ஐந்து நிமிடத்தில் அறை குளிர்ந்து கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம்) நின்றுவிடும், ஆனால் போர்வை நனைந்ததுபோல் இருக்கும். 26 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றிலிருந்து நீர் பிரிய, காயில் ஏறத்தாழ 17 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். குளிர்ந்த பிறகும் அந்த நீர் தகடுகளில் திரண்டு, தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியேறச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் கம்ப்ரஸர் நின்று விசிறி மட்டும் சுழன்றால், தகடுகளில் படிந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பிவிடுகிறது. பெரிய கருவி விரைவாகக் குளிர்விக்கிறது, விரைவாக நின்றும் போகிறது. ஈரம் அப்படியே தங்கிவிடுகிறது. உங்கள் அறைக்குத் தேவைப்படுவது குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடும் கருவி, அதாவது இன்வெர்ட்டர் வகை.

1902-இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் கருவியே ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்கத்தான். ஈரத்தை நீக்குவது இக்கருவிகளின் மூலப்பணி என்பதை விற்பவர்களும் வாங்குபவர்களும் மறந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தாயாரின் உடல்நிலையை எண்ணி, ஓர் ஈரப்பதமானி வாங்கிக் கூடத்தில் வையுங்கள். 60 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்து நின்றால் பூஞ்சை தொடரும்.

மறுமொழி 3

குளிர்காலத்தைப் பற்றி ஒரு சொல். சூடாக்கும்போது வெளி அலகின் காயில்தான் குளிரும். ஈரமான குளிர்காற்றில் அதன்மேல் உறைபனி படிவதும், கருவி சில நிமிடங்கள் கேஸின் ஓட்டத்தைத் திசைமாற்றி அதை உருக்குவதும், அப்போது ஆவி எழுவதும் இயல்பே. பழுதென்று அஞ்சிக் கம்பியால் பனியைக் குத்தி அகற்ற வேண்டாம். உருகும் நீர் வடிய, அலகைத் தரையிலிருந்து உயர்த்திப் பொருத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஈரப்பதமானி 72 விழுக்காடு காட்டுகிறது. நட்டுகளில் குமிழி வரவில்லை. நைட்ரஜன் சோதனையில் உள் காயிலின் வளைவில் கசிவது உறுதியானது. எனவே அதே ஒன்றரை டன் அளவில் ஆர்-32 வகைக் கேஸில் ஓடும் இன்வெர்ட்டர் கருவி வாங்க முடிவு செய்துள்ளேன். பொருத்தும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1

மூன்றைச் சொல்கிறேன். குழாய்களிலுள்ள காற்றைக் கருவியின் கேஸை விட்டுத் துரத்தும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அதை அனுமதிக்காமல், வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பிறகும் அளவியின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று உடனிருந்து பாருங்கள், ஏனெனில் உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயில் கலந்து கம்ப்ரஸரைக் கெடுக்கும். ஆர்-32 சிறிதளவு தீப்பற்றக் கூடியது என்பதால் அதில் பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும். நீர் வடியும் குழாய் முழு நீளமும் சரிந்திருக்க வேண்டும். முடித்தவுடன் ஒரு குவளை நீரைத் தட்டில் ஊற்றி, அது வெளியே வருவதைக் கண்ட பிறகு அவரை அனுப்புங்கள்.