ஜிலிப்சியை (glibc, லினக்ஸ் நிரல்கள் ஓடத் தேவையான அடிப்படை சி நூலகம்) எந்தப் பக்கம் வைப்பது?

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகைக்கு ஒரு சின்ன லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். கம்பைல் நடப்பது பழைய இன்டெல் மடிக்கணினியில், ஓட வேண்டியது பலகையின் 64 பிட் ஆர்ம் செயலியில்.

இதுவரை எல்லாமே ஒரே ஸ்கிரிப்ட். பிஸிபாக்ஸில் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) ஒரு வரி மாற்றினாலும் பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர்), ஜிசிசி (கம்பைலர்) முதல் சுற்று, கர்னல் ஹெடர்கள் (கர்னலோடு பேசத் தேவையான அறிவிப்புக் கோப்புகள்), ஜிலிப்சி, மறுபடி ஜிசிசி என்று முதலிலிருந்தே ஓடுகிறது. நடுவில் கரண்ட் போனால் அன்றைய பொழுது போச்சு. அதனால் டூல்செயினை, அதாவது கம்பைல் செய்யும் கருவிகளை, தனிப் பொதியாகவும், பலகையில் ஓடும் அடிப்படை அமைப்பை இன்னொன்றாகவும் பிரிக்கிறேன்.

பின்யூட்டில்ஸிலும் ஜிசிசியிலும் குழப்பமில்லை. அவை இன்டெல்லில் ஓடுபவை, டூல்செயின் பக்கம் போய்விட்டன. மாட்டிக்கொண்டது ஜிலிப்சியில்தான். அது ஆர்முக்கான நூலகம். லிங்க் செய்ய சிஸ்ரூட்டிலும் (ஆர்முக்கான நூலகங்களையும் ஹெடர்களையும் டூல்செயின் தேடும் அடைவு) வேண்டும், நிரல் ஓட பலகையிலும் வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கட்டிப் பார்த்தேன். சிஸ்ரூட்டில் மட்டும் புதிய பதிப்பை ஏற்றிய அன்று, கேட்ட பதிப்பு இல்லை என்று பலகையில் பாதி நிரல்கள் நின்றுவிட்டன. ஜிசிசியோடு வரும் துணை நூலகமான லிப்ஜிசிசிக்கும் இதே கதிதான்.

இப்படிச் சின்ன லினக்ஸ் கட்டித்தரும் பில்ட்ரூட் என்ற கருவியில், வெளியே கட்டிய டூல்செயினைக் கொடுத்தால், அதன் சிஸ்ரூட்டிலிருந்தே நூலகங்களை நகலெடுக்கிறது. நானும் அப்படியே செய்யலாமா? அல்லது அடிப்படை அமைப்பில் ஜிலிப்சியை மறுபடி கட்டுவதுதான் நல்லதா? அப்படிக் கட்டினால் இரண்டு பதிப்பும் விலகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் போடுகிறேன். நெல்லையில் யாராவது இதைச் செய்திருந்தால் சொல்லுங்கள், மடிக்கணினியோடு ஜங்ஷனுக்கே வந்துவிடுகிறேன்.