பொருள்: 'செயல்படு நினைவகம்' வேண்டாம், 'புழங்குநினைவு' ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டே அதை வைத்து வேலையும் செய்யும் ஆற்றலைச் 'செயல்படு நினைவகம்' என்று எழுதிவருகிறோம். நினைவகம் என்றதும் கணினிச் சில்லுதான் கண்முன் வருகிறது. 'கையாள் நினைவு' என்று நானே எழுதிப் பார்த்தேன். அடியாள் ஒருவர் வந்து நின்றதால் அடித்துவிட்டேன்.

நான் மொழிபெயர்க்கும் கட்டுரை, இந்த ஆற்றல் பேசும் மொழிக்கேற்ப மாறுவதைப் பற்றியது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு மொழிக்காரர்களுக்கு வரிசையாகச் சிலவற்றைக் கொடுத்துத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். விவரிக்கும் அடைகள் முன்னும் விவரிக்கப்படும் தலைச்சொல் பின்னும் வரும் ஜப்பானியம், கொரியம் போன்ற மொழிக்காரர்கள் வரிசையின் தொடக்கத்தை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்; தலைச்சொல் முன்னே வரும் இத்தாலியம், தாய்லாந்து மொழி போன்றவற்றைப் பேசுவோர் கடைசியை.

அந்த எட்டில் தமிழ் இல்லை. ஆனாலும் நம் வாக்கியம் ஜப்பானியத்தின் பக்கம்தான். 'பஸ்ஸில் குடையைத் தவறவிட்ட பெண்ணின் தம்பி எழுதிய கடிதம்' என்று பாருங்கள். கடிதம் வந்துசேரும்வரை பஸ், குடை, பெண், தம்பி எதையும் கீழே வைக்க முடியாது. அதனால் 'ஏந்துநினைவு' என்று வைக்கலாமா என்று தோன்றியது. ஆனால் ஏந்துவதோடு வேலை முடியவில்லையே. தம்பி பெண்ணுக்கு உறவு, கடிதம் தம்பியுடையது என்று முடிச்சும் போட வேண்டும். 'ஏந்து' என்பதை வசதி என்ற பொருளில் எழுதுவோரும் உண்டு.

ஆகவே 'புழங்குநினைவு'. புழங்குபொருள் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது: பரணில் கிடப்பது அல்ல, கைக்கெட்டும் இடத்தில் எடுப்பதும் வைப்பதுமாக இருப்பது. வினைத்தொகையாகவும் அமைகிறது.

--- மறுமொழி ---

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் புழங்குவது என்றால் நெடுநாள் பழக்கம் அல்லவா? இதுவோ சில நொடிகளில் கலைந்துவிடுவது.

--- மறுமொழி ---

நியாயமான கேள்வி. ஆயினும் காலத்தைச் சொல்லக் 'குறுகியகால நினைவு' தனியே இருக்கிறது. இந்தச் சொல் பயன்பாட்டைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பழைய சொல்லையும் அருகில் போட்டுவிடுகிறேன்.