தையல் மிஷினுக்கு மேலே என்ன பல்பு போடலாம்?

காசிமேடு தையல்:

காசிமேட்டில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், அதனால் பகலிலும் விளக்கு வேண்டும். ஹாலில் பழைய 40 வாட்ஸ் டியூப்லைட். ஸ்டார்ட்டரைத் திருகிவிட்டால்தான் எரியும். மிஷினுக்கு மேலே 60 வாட்ஸ் குண்டு பல்பு. சமையலறையில் மாமியார் வாங்கிப் போட்ட சி.எஃப்.எல்., சுவிட்சைத் தட்டிவிட்டு அரிசி களைந்து முடித்தால் வெளிச்சம் வந்திருக்கும்.

போன மாதம் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, தள்ளுவண்டியில் 9 வாட்ஸ் எல்.இ.டி. ஒன்று வாங்கி மிஷினுக்கு மேலே போட்டேன். பளிச்சென்றுதான் இருந்தது. அன்று ராத்திரி அரக்கு கலர் பட்டுச் சேலைக்கு பிளவுஸ். நூலைத் துணிமேல் வைத்துப் பார்த்துத்தான் தைத்தேன். காலையில் வாசலுக்குக் கொண்டுபோனால் நூல் காப்பிக்கொட்டை நிறம்! இரண்டு கையையும் கழுத்தையும் பிரித்துத் தைத்தேன். மூன்றாவது வாரம் பல்பும் மினுக் மினுக்கென்று போய்விட்டது. மறுபடி குண்டு பல்புதான். நெற்றி வியர்வை துணியில் சொட்டுகிறது. எல்.இ.டி. என்றாலே நிறம் ஏமாற்றுமா, நான் வாங்கினதுதான் மட்டமா?

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:

நீங்கள் வாங்கினதுதான் அக்கா. வாட்ஸ் என்பது பல்பு குடிக்கிற கரண்ட். வெளிச்சத்தின் அளவு லூமென். 60 வாட்ஸ் குண்டு பல்பு 700 லூமென் சுமாருக்குத் தரும். நல்ல 9 வாட்ஸ் எல்.இ.டி. 800, 900 தரும். உங்கள் சிக்கல் அதில் இல்லை. அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. குண்டு பல்புக்குக் கிட்டத்தட்ட 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80. மட்டமானதில் அதற்கும் கீழே, அதிலும் சிவப்புதான் முதலில் செத்துப்போகும். அரக்கு மாட்டினது அதனால்தான். 90க்கு மேல் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும். வெளிச்சத்தின் சாயலைக் கெல்வின் கணக்கில் போட்டிருப்பார்கள்: 6500 கெல்வின் நீலமடிக்கிற வெள்ளை, 3000 மஞ்சள். துணிவேலைக்கு நடுவில் 4000 எடுங்கள்.

கணக்கும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 60 நாள். குண்டு பல்பு கிட்டத்தட்ட 29 யூனிட், 9 வாட்ஸ் எல்.இ.டி. 4 யூனிட் சொச்சம். டியூப்லைட் 40 வாட்ஸ் என்றாலும் பழைய சோக் தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட்ஸ் தின்னும், ஆக 25 யூனிட். 20 வாட்ஸ் எல்.இ.டி. பட்டை போட்டால் பத்துக்குள் முடிந்துவிடும். வாடகை வீடுதானே, காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

பெரம்பூர் ரயிலடி:

இவ்வளவு கணக்குப் போட்டவர் ஃபேனை விட்டுவிட்டாரே! பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ். 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். பி.எல்.டி.சி. என்று கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் போட்ட ஃபேன் 30 வாட்ஸ்தான். பல்பு மாற்றினது போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

ராயபுரம் பாட்டி வீடு:

கடலோரம் இருக்கிறீர்கள், ஹோல்டரையும் பாருங்கள். எங்கள் வீட்டில் நல்ல பல்புகூட ஆறு மாதம் தாண்டவில்லை. கழற்றிப் பார்த்தால் உப்புக் காற்றில் ஹோல்டர் பின் பச்சை பூத்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. ஹோல்டரை மாற்றின பிறகு தொல்லை இல்லை. அப்புறம், மூடின கண்ணாடிக் குடுவைக்குள் எல்.இ.டி.யைப் போடாதீர்கள். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் சர்க்யூட் சீக்கிரம் போய்விடும்.

சமையலறை சி.எஃப்.எல்.லைக் கழற்றும்போது பத்திரம். உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பம் போடாமல் அட்டையால் வழித்தெடுங்கள்.

காசிமேடு தையல்:

எல்லாருக்கும் நன்றி. அந்த அரக்குத் துணியில் ஒரு துண்டு, சரியான நூல் ஒன்று, ஏமாற்றின நூல் ஒன்று, மூன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் நான்கு பல்பு போட்டுக் காட்டினார். மூன்றில் இரண்டு நூலும் அக்கா தங்கைதான். நாலாவதில் சட்டென்று பிரிந்து தெரிந்தன. அதையே வாங்கிவிட்டேன். ஹோல்டரும் மாற்றியாயிற்று. ஃபேன் தீபாவளித் தையல் காசு வந்த பிறகு.

ஒரு சந்தேகம். ராத்திரி சுவிட்சை அணைத்த பிறகும் பல்புக்குள் மின்மினி மாதிரி ஒரு துளி வெளிச்சம். சின்னவள் பயப்படுகிறாள். இதுவும் போய்விடுமா?

தண்டையார்பேட்டை ஒயர்மேன்:

சுவிட்சிலேயே குட்டியாகச் சிவப்பு விளக்கு இருக்கிறதா அக்கா? இருந்தால் அது வழியாகக் கசிகிற கரண்ட்தான், பல்புக்கு ஒன்றுமில்லை. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் நின்றுவிடும். அப்படி விளக்கே இல்லையென்றால், யாரோ கரண்ட் வருகிற ஃபேஸ் ஒயரை விட்டுவிட்டு, திரும்பிப் போகிற நியூட்ரலில் சுவிட்ச் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். அதைச் சரிபண்ணாமல் ஹோல்டரைத் தொடாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.