மறு: ‘மும்முனைக் குளிர்பெட்டி’ என்ற சொல் வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

மனையுந்து, அதாவது உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள வண்டி (மோட்டார்ஹோம்), பற்றிய தமிழ்ச் சொற்பட்டியலில் குளிர்பெட்டிப் பகுதிக்கு வந்துவிட்டோம். நேற்று வந்த முன்மொழிவு இது:

> எரிவாயு, 12 வோல்ட், வெளி மின்சாரம் என மூன்றிலும் வேலை செய்யும் பெட்டி. எனவே ‘மும்முனைக் குளிர்பெட்டி’. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கமாக இருப்பது உண்மைதான். ஆனாலும் இந்தச் சொல்லை நான் கடுமையாக எதிர்க்கிறேன். என் கவலை மொழியழகைப் பற்றியது அல்ல, பாதுகாப்பைப் பற்றியது. தமிழ்நாட்டு வழக்கில் மும்முனை மின்சாரம் என்றால் மூன்று பேஸ் மின்சாரம். மின்வேலை தெரிந்த யாரிடம் சொன்னாலும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். மும்முனைச் செருகி என்றால் மூன்று பின் பிளக். பேட்டரியில் நேர்முனை, எதிர்முனை என்கிறோம். இப்படி மின்துறையில் ‘முனை’ ஏற்கெனவே பல வேலைகள் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் இன்னொரு பொருளையும் ஏற்றினால் குழப்பம்தான் வரும்.

இது வெறும் ஊகமல்ல. ஒரு நண்பரின் வண்டிக்காக வயரிங் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தபோது நானும் மும்முனை என்றே எழுதியிருந்தேன். வேலைக்கு வந்தவர் அதைப் படித்துவிட்டு, “மூணு பேஸ் லைன் இந்த வண்டிக்கு எங்கிருந்து வரும்?” என்று கேட்டார். அவர் கேட்டதால் தப்பித்தோம். கேட்காமல் தன் கணிப்பில் கம்பி இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். 12 வோல்ட் சூடேற்றியில் 230 வோல்ட் பாய்ந்தால் அந்தச் சூடேற்றியோடு சேதம் நிற்காது.

சரி, வேறு என்ன சொல் வைக்கலாம்? அதற்கு முன் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த வகைப் பெட்டியில் அமுக்கி, அதாவது கம்ப்ரஸர், கிடையாது. மோட்டாரும் இல்லை. பின்புறம் ஒரு குழாய்த் தொகுதி இருக்கும். அதனுள்ளே அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றையும் அடைத்து மூடியிருப்பார்கள். கீழே உள்ள கொதிகலனைச் சூடாக்கினால் நீரிலிருந்து அம்மோனியா பிரிந்து ஆவியாக மேலே போகும். அங்கே குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கும்போது மறுபடி ஆவியாகும். அப்படி ஆவியாகும்போதுதான் பெட்டியின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் அந்த ஆவியை நீர் தனக்குள் இழுத்துக்கொள்ள, கலவை கொதிகலனுக்கே திரும்புகிறது. சூடு தொடர்ந்து கிடைத்தால் போதும், சுற்று தானாக நடக்கும். ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பிளேட்டன், முன்டெர்ஸ் என்ற இருவர் 1922இல் கண்டுபிடித்த அமைப்பு இது. நூறு ஆண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

ஆகவே, இந்தப் பெட்டிக்கு நாம் கொடுப்பது குளிரல்ல, சூடு. அந்தச் சூடு எரிவாயுச் சுடரிலிருந்து வரலாம், 12 வோல்ட் சூடேற்றியிலிருந்து வரலாம், வெளி மின்சாரத்தில் ஓடும் சூடேற்றியிலிருந்தும் வரலாம். கொதிகலனுக்கு எல்லாம் ஒன்றுதான். இந்த உண்மை பெயரில் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

‘வெப்பம் உறிஞ்சு பெட்டி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பெட்டியிலிருந்து வெப்பத்தை எடுப்பது எல்லாக் குளிர்பெட்டிகளும் செய்கிற வேலை. இந்த வகைக்கே உரிய உறிஞ்சல் என்பது நீர் அம்மோனியாவை உறிஞ்சுவது. அதைச் சொல்லாமல் வெப்பத்தைச் சொன்னால் பெயர் எதையும் பிரித்துக் காட்டாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உட்கவர்தல் என்ற சொல் இருக்கிறது. அதைக் கொண்டு ‘கவர்முறைக் குளிர்பெட்டி’ என்று சொன்னால், ‘அமுக்கிக் குளிர்பெட்டி’யோடு இணையாக நிற்கும்.

ஆனால் கவர்முறை என்பது பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அதற்கு எதைக் கொடுக்கிறோம் என்பதற்கு வேறு சொல் தேவை. அதற்கு ‘ஊட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மூன்று விதமாக ஊட்டக்கூடியது மூவூட்டுக் குளிர்பெட்டி. மூவுலகு, மூவேந்தர் போல இயல்பாகப் புணர்கிறது. இரண்டு மட்டும் உள்ளது ஈரூட்டுக் குளிர்பெட்டி. மூலம், ஆற்றல், எரிபொருள் ஆகியவற்றையும் யோசித்துப் பார்த்தேன். மின்சாரம் எரிபொருள் ஆகாது. மூலமும் ஆற்றலும் மிகப் பொதுவானவை. ஊட்டு என்பதிலோ ஒருவர் கொடுக்க வேண்டும், எதை, எப்போது, எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது.

இந்த ‘எப்போது’ என்பதுதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. மூன்று ஊட்டுகளும் ஒரே நேரத்துக்கு உரியவை அல்ல.

வண்டி நிற்கும் இடத்தில் வெளியிலிருந்து கம்பி போட்டு எடுப்பது வெளிமின் ஊட்டு. இதில் பெரிய சிக்கல் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய நாளே இதில் போட்டுக் குளிர வைத்துவிட வேண்டும், ஏனென்றால் மற்றொரு மின் ஊட்டான 12 வோல்ட், ஏற்கெனவே குளிர்ந்த பெட்டியைக் காக்கத்தான் பொருத்தமானது. சூடான பெட்டியைக் குளிர வைக்க அதற்குப் பலம் போதாது.

எரிவாயு ஊட்டு வண்டி நிற்கும்போது பயன்படுத்துவதற்கு. ஓடும் வண்டியில் சுடர் எரிவது ஆபத்து. எரிபொருள் நிரப்ப நுழையும்போது அந்தச் சுடர் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். மோதலில் குழாய் அறுந்தால் உருளை திறந்தபடியே இருக்கும். மோதலை உணர்ந்து வாயுவை நிறுத்தும் சீராக்கிகள் (ரெகுலேட்டர்கள்) உண்டு, சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பயணத்தின்போது உருளையின் வால்வை மூடிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கப்பலில் வண்டியை ஏற்றும்போதும் சில சுரங்கப்பாதைகளிலும் இதைக் கட்டாயமாகவே கேட்பார்கள்.

மூன்றாவது 12 வோல்ட். அதிகக் குழப்பம் இங்கேதான். சூடேற்றி 150 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.5 ஆம்பியர் இழுக்கும். வண்டியின் வாழ்பகுதியில், அதாவது தங்கும் பகுதியில், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இருந்தால், அதில் பாதிக்குமேல் இறக்காமல் இருக்க 4 மணி நேரம்தான் கணக்கு. இரவு இதில் விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் விளக்கும் இருக்காது, தண்ணீர் பம்பும் ஓடாது. இன்ஜினைத் தொடக்கும் பேட்டரியோடு இணைத்திருந்தால் வண்டியே கிளம்பாது. அதனால்தான் இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் (இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) மின்னேற்றும்போது மட்டும் மூடி மின்சாரத்தை விடும் ரிலே, அதாவது தானியங்கிச் சுவிட்சு, ஒன்று இந்தச் சுற்றில் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் (D+) எனப்படும் முனையிலிருந்து அதற்குச் சைகை வரும். இன்ஜின் நின்றால் ரிலே திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இதற்கு ‘12 வோல்ட் ஊட்டு’ என்று பெயர் வைத்தால் இந்த நிபந்தனை மறைந்துபோகும். அதனால் ‘ஓடுகால ஊட்டு’ என்கிறேன். பெயரைப் படிக்கும்போதே இன்ஜின் ஓடும்போது மட்டும் என்று தெரிந்துவிட வேண்டும்.

கம்பியைப் பற்றியும் விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து பெட்டிவரை 6 மீட்டர் என்றால், போக வர 12 மீட்டர் செம்புக் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் மேலே சொன்ன மின்னோட்டத்துக்கு ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். சூடேற்றியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிப்படி மாறுவதால், 12க்குப் பதில் 11 கிடைத்தால் வெப்பத்தில் 16 சதவீதம் குறைந்துவிடும். “ஓடும்போது பெட்டி சரியாகக் குளிரவில்லை” என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் பெட்டி அல்ல, இந்த மெல்லிய கம்பி. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வரும். உருகியை (பியூஸை) பேட்டரியை ஒட்டியே வைக்க வேண்டும், உருகியின் ஆம்பியர் அளவு கம்பி தாங்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. பெட்டியின் பக்கத்தில் உருகியை வைத்தால், இடையில் கம்பி உரசித் தீப்பிடிக்கும்போது அது உதவாது.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

— — —

மறு: மறு: ‘மும்முனைக் குளிர்பெட்டி’ என்ற சொல் வேண்டாம்

வணக்கம்.

மும்முனையை விடுவதில் எனக்கும் உடன்பாடு. மூவூட்டு நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள்.

முதலாவது, நாங்கள் இலங்கையில் அகத்துறிஞ்சல் என்றுதான் படித்தோம். கவர்முறை என்றால் கவர்ச்சி, ஈர்ப்பு என்று மனம் போகிறது. காந்தத்தால் குளிர்விக்கும் பெட்டியோ என்று ஒருவர் கேட்டாலும் வியப்பில்லை. உறிஞ்சல்முறை என்றால் இரு கரையிலும் விளங்கும் அல்லவா?

இரண்டாவது, எங்கள் வண்டியில் இருப்பது அமுக்கிப் பெட்டி. அதுவும் 12 வோல்ட்தான். அமுக்கி ஓடும்போது 50 வாட் அளவில் எடுக்கும், குளிர்ந்ததும் நின்றுவிடும், பிறகு தானே தொடங்கும். இரவெல்லாம் பேட்டரியில்தான் ஓடுகிறது, பிரச்சினை வந்ததில்லை. உங்கள் வரையறையைப் படிப்பவர் எங்கள் பெட்டியையும் ஓடுகால ஊட்டில் இணைத்துவிட மாட்டாரா? வண்டி நின்றதும் அதுவும் நின்றுபோகுமே. உள்ளே மருந்து வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய இடர்.

— — —

மறு: மறு: மறு: ‘மும்முனைக் குளிர்பெட்டி’ என்ற சொல் வேண்டாம்

வணக்கம் ஐயா.

உறிஞ்சல்முறையை மனமார ஏற்றுக்கொள்கிறேன். நீர் அம்மோனியாவை உறிஞ்சுகிறது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். எழுதும்போது இயல்பாக வந்த சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஐயம் மிக முக்கியமானது. அமுக்கிப் பெட்டிக்கு ஓடுகால ஊட்டு பொருந்தாது. அது வாழ்பகுதி பேட்டரியிலிருந்து எப்போதும் எடுப்பது, எனவே அதற்கு ‘நிலை ஊட்டு’ என்று தனிப் பதிவு போடுவோம். பேட்டரி அளவுக்குமேல் இறங்கினால் அமுக்கியை நிறுத்தும் காப்பு அதன் மின்னணுச் சுற்றிலேயே இருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வகை அமுக்கியில் 10.4 வோல்ட்டில் நின்று 11.7 வோல்ட்டில் மீண்டும் தொடங்கும்படி ஆலையிலேயே அமைத்திருப்பார்கள். ஈய அமில பேட்டரிக்கு 10.4 மிகவும் ஆழம். அதை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கத்தில் சேர்க்கிறேன். ஓடும்போது அந்த பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டருக்கும் அதற்கும் நடுவே ஒரு மின்னேற்றி போடுகிறார்கள். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் தேவைக்கேற்ப ஏறி இறங்குவதால் வெறும் ரிலே அங்கே போதாது.

ஈரூட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. எரிவாயுவும் வெளிமின்னும் மட்டும் உள்ள பல பெட்டிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை இயங்க 12 வோல்ட் வேண்டும். பின்னால் 12 வோல்ட் கம்பியைப் பார்த்துவிட்டு இது மூவூட்டு என்று நினைத்து எரிவாயுவை மூடிப் பயணம் போனால், விளக்கு எரியும், பெட்டி குளிராது. ஆகவே கொதிகலனுக்குச் சூடு தருவது மட்டுமே ஊட்டு, பலகைக்குப் போவது ‘கட்டுப்பாட்டு மின்’ என்று வரையறையில் பிரித்துவிட வேண்டும். அத்தகைய பெட்டி உள்ளவர்கள் நன்கு குளிர வைத்துக் கதவைத் திறக்காமல் போவது ஒரு வழி. மின்தடையின்போது வீட்டுக் குளிர்பெட்டிக்குச் சொல்லப்படும் 4 மணி நேரக் கணக்கையே இங்கும் மேல்வரம்பாகக் கொள்ளலாம்.

தானே ஊட்டு மாற்றும் பெட்டிகளுக்கு ‘தன்தேர்வு’ போதும் என்று நினைக்கிறேன். வெளிமின் இருந்தால் அது, இல்லாமல் இன்ஜின் ஓடினால் ஓடுகால ஊட்டு, இரண்டும் இல்லையென்றால் எரிவாயு. இன்ஜினை நிறுத்தியதும் சுடரைப் பற்றவைக்காமல் சுமார் 15 நிமிடம் காத்திருக்கும் மாதிரிகள் உண்டு, எரிபொருள் நிலையத்தில் நிற்கும் நேரத்தை எண்ணி வைத்த இடைவெளி அது. வரிசை நீண்டால் அந்த நேரம் கடந்துவிடும். நிலையத்துக்குள் நுழையும் முன் கையால் நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தன்தேர்வு பதிவிலேயே எழுதிவிடலாம்.

கடைசியாக, பெட்டியின் முகப்பில் ஒட்டும் சீட்டு. அங்கே ‘ஓடுகால ஊட்டு’ என்று எழுத இடம் கிடைக்காது, முதன்முறை பார்ப்பவருக்கு விளங்கவும் செய்யாது. சுடர்ச் சின்னத்தின் கீழ் ‘நிற்கும்போது’, பேட்டரிச் சின்னத்தின் கீழ் ‘ஓடும்போது’ என்று மட்டும் போடலாமா?